கிட்னியும் சூளைக் கதவும்

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது கால் பங்கு வேலைதான். உள்ளே போன மாத்திரை எங்கே போகிறது, எப்போது வெளியே வரும் என்று பதில் சொல்வது மீதி முக்கால். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினோரு வருஷமாக ஃபார்மசிஸ்டாக நிற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஒட்டாத மாத்திரை

பெண்ணாடத்து அம்மா ஒருவர் நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கிப் போனார். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார். முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்துகளில் பலவற்றைக் கிட்னிதான் வடிகட்டி வெளியே அனுப்புகிறது, கிருமி நீர்ப்பையில் இருக்கும்போது மருந்து அந்த வழியாகப் போவதுதான் நமக்கு வேண்டியது என்று விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டி முழுக்கக் கேட்டுவிட்டு அட்டையைத் திருப்பி நீட்டினார்.

"அதெல்லாம் சரிம்மா, போட்டது போட்டபடி வெளியே வந்துடுச்சே. உடம்புல ஒட்டுற மாத்திரையா ஒண்ணு பார்த்துக் குடு."

ரெண்டு சூடு

ராஜமாணிக்கம் அண்ணன் பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். அவருக்கும் நீர்க்கடுப்பு, கூடவே காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் உப்பு. கிட்னி மெதுவாக வேலை செய்கிறது, மருந்து உள்ளேயே தங்கிவிடும் என்று டாக்டர் மற்றவர்களுக்கு இரண்டு வேளை தரும் மாத்திரையை இவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைத்திருந்தார். ஏழு நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். உப்பு இன்னும் ஏறினால் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும், மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிற நிலைமைகூட வரலாம் என்று சொல்லியிருந்தார்.

ஏழு மாத்திரை கொடுத்தேன். நாலாம் நாள் மத்தியானம் காலி அட்டையோடு வந்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு ஒன்றுதானே சொன்னேன் என்று கத்தியே விட்டேன். அண்ணன் அசரவில்லை. தொழில் தெரியாத ஆளிடம் பேசும் பொறுமையோடு சொன்னார்.

"மேடம், ஃப்யூஸ் கட்டைய ஒரு வாட்டி சுட்டா சும்மா வெந்து நிக்கும். மேல கிளேஸ் பூச்சு போட்டு இன்னொரு வாட்டி சுட்டாத்தான் கரண்டு தாங்கும். ஒரே சூட்டுல எந்தக் கிருமி சாவும்?"

மூடிய கதவு

டாக்டருக்குப் போன் போட்டேன். திட்டு எனக்குத்தான் விழுந்தது. இன்றைக்கு மாத்திரை கிடையாது, நாளையிலிருந்து தினம் ஒன்று, தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

மருந்துப் பேச்சு அண்ணனிடம் எடுபடாது என்று சூளைப் பேச்சுக்கு இறங்கினேன். "அண்ணே, சூடு ஆறாம அடுத்த லோடு ஏத்துவீங்களா?" என்றேன். "யாராச்சும் ஏத்துவாங்களா? ஆற வரைக்கும் கதவையே தொறக்க மாட்டோம். தொறந்தா மொத்தமும் விரிசல் வுட்டுடும்" என்றார். "உங்க உடம்பும் அப்படித்தான், இன்னும் ஆறல" என்றேன். அண்ணன் கண்கள் விரிந்தன. கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் மனைவி செல்வியக்கா மூச்சிரைக்க வந்தார்.

"என்னாம்மா சொல்லி அனுப்பிச்சீங்க? காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, ஒண்ணுக்கும் போவல. கேட்டா, சூளைக் கதவைத் தொறக்கக் கூடாதுன்னு மேடமே சொல்லிட்டாங்கன்றாரு."

ரொப்பிய பாட்டில்

அவர் வீடு கடைக்குப் பின்தெருதான். உடனே கூட்டி வரச் சொன்னேன். வியர்த்து விறுவிறுத்து, காலைக் குறுக்கிக்கொண்டு வந்தார். என் வாயால் வந்த வினை இந்த மனுஷனின் கிட்னியில் போய் விடியப் போகிறதே என்று கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். "அண்ணே, அது கதவு இல்ல, புகைபோக்கி. அதை அடைச்சா என்ன ஆவும்?" என்றேன். "ஐயய்யோ, புகை உள்ள திரும்பிடுமே" என்றவர், பக்கத்து ஓட்டல் கொல்லைக்கு ஓடினார். திரும்பி வந்ததும் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தார்.

செல்வியக்காவின் கண் மட்டும் அந்தப் பாட்டிலை விட்டு நகரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எங்கள் கடையில் கக்கூஸ் கிடையாது. ஓட்டல் கொல்லை ஆம்பளைகளுக்கு மட்டும். அதனால் காலையில் ரொப்பி வைக்கும் பாட்டில் அழகுக்குத்தான் நிற்கும். கடைகளில் நிற்கும் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"மத்தியானம் ஆயிடுச்சு, பாட்டிலு மூடிகூட தொறக்காம இருந்துச்சே. எங்களுக்குச் சொல்ற புத்தி உங்களுக்கு இல்லியா?"

யாருக்கு ரெண்டு

மறு பரிசோதனை முடிவு வந்த அன்று அண்ணன் நேராகக் கடைக்கு வந்து தாளை நீட்டினார். உப்பு இறங்கியிருந்தது. பாண்டிச்சேரி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. அழுததற்கு அது மட்டும் காரணமில்லை. இரண்டு நாளாக எனக்கும் குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு. அதே டாக்டர், அதே மாத்திரை. அண்ணன் கவுண்டரில் கிடந்த என் சீட்டை எட்டிப் பார்த்தார். காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது. அவர் முகம் சுருங்கிப் போனது.

"எனக்கு ஒரு சூடு, உங்களுக்கு மட்டும் ரெண்டு சூடா? நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் கேக்கல!"

கூடவே வந்திருந்த செல்வியக்கா அவரைத் தள்ளிவிட்டு, ஒரு சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"வூட்டுக் கொல்லைக் கதவு சாவி இது. கூச்சப்படாம வந்து போங்க. மொதல்ல அந்த பாட்டிலைத் தொறந்து குடிங்க."

ஊர்க் கிட்னிக்கெல்லாம் வழி சொல்லும் நான் இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை, வெளியே டோக்கன் போட்டதுபோல் காத்திருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு, கையில் சாவியோடு பின்தெருவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.