வாய் திறக்கும் வரை

பல் டாக்டர் "வாயைத் திறங்க" என்றால் எல்லோரும் திறந்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் அதையே சொன்னால் இன்னும் இறுக மூடிக்கொள்வார்கள். வாரத்தில் ராஜபாளையத்தில் நாலு நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெண்டு நாள் உட்கார்ந்திருக்கும் உளவியலாளர் நான். ஊரில் 'கவுன்சலிங் மேடம்' என்பார்கள். பேசாத ஒருவரை எதிரே வைத்துக்கொண்டு காத்திருந்த பாடு உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதனால் உங்களிடம் சொல்லலாம். பெயர்களை மட்டும் கேட்காதீர்கள்.

கனவில் குடித்தவர்

வத்திராயிருப்புப் பக்கம் தோப்புகளில் தேங்காய் வெட்டுகிறவர். போதையில் மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்த பிறகு மனைவி கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் குடியை விட்டு, வாரா வாரம் என்னிடமும் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது மாதம் ஒரு காலை, முதல் பஸ்ஸிலேயே இருவரும் வந்து நின்றார்கள்.

"குடிச்சிட்டேன் மேடம்," என்றார்.

"எங்கே?"

"கனவுல. தோப்பு வாய்க்கா நெறைய அதுதான் ஓடுது. நெலா காயுது. குனிஞ்சு குனிஞ்சு அள்ளிக் குடிக்கேன். முழிச்ச பொறவும் ருசி நாக்குல நிக்கி."

குடியை விட்டவர்களுக்கு இப்படிக் கனவு வருவது சகஜம், நீங்கள் தோற்றுவிடவில்லை என்றேன். நம்பாமல் உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்து பார்த்தார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நெசமா குடிச்ச பதினாலு வருசத்துல ஒரு நாளும் மன்னிப்பு கேக்கல மேடம். கனவுல குடிச்சதுக்கு இன்னைக்குக் காலையில என் கையப் பிடிச்சுக் கேட்டாக."

மரத்தில் உட்கார்ந்த மீன்கள்

செட்டியார்பட்டியிலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தை. வீட்டுக்குள் வாய் ஓயாதாம். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷமாக யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. வேறு பள்ளி பாருங்கள் என்று அங்கே சொல்லிவிட்டதால் அம்மா பயந்துபோய்க் கூட்டி வந்தார். நான் எதைக் கேட்டாலும் அம்மாவே பதில் சொன்னார். அதனால் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்கு வெளியே உட்காரப் பழக்கினோம்.

நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து படம் வரைவோம். அவள் வரைவதெல்லாம் மீன்கள்; எல்லாம் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் பாதியில் விட்ட மீனுக்கு வால் மட்டும் போட்டுக் கொடுப்பேன். இப்படியே ஏழெட்டு வாரம்.

ஒரு சித்திரை மத்தியானம். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. பச்சைத் திரை வழியே வந்த வெயில் குளத்துத் தண்ணீர் போலச் சுவரில் ஆடியது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கிளையை விட்டு இறங்கி நீந்த ஆரம்பித்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் தூங்கிவிட்டேன். கதவு திறக்கும் சத்தமும், கூடவே அதுவரை கேட்டிராத சின்னக் குரல் ஒன்றும் காதில் விழுந்தன. வீட்டு வாசலுக்கு வெளியே அவள் பேசிய முதல் பேச்சு அது. கலைந்துவிடுமோ என்று நான் கண்ணைத் திறக்கவேயில்லை. உள்ளே வந்த அம்மாவிடம் அவள் சொன்னாள்: "சத்தம் போடாதம்மா. ஆன்ட்டி தூங்குறாங்க."

மேற்கே மழை

சுந்தரபாண்டியத்து அப்பாவும் மகனும். பிளஸ் டூவில் ஃபெயிலான அன்று "எம் மூஞ்சியில முழிக்காத" என்று அப்பா சொல்ல, மகன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு வருஷம் பேச்சில்லை. "சாப்பிட்டானான்னு கேளு," "சாப்பிட்டேன்னு சொல்லு" என்று அம்மாதான் நடுவில் ஓடினார். பையன் சரியாகத் தூங்காமல் உருகிப் போகவே மூவரும் வந்தார்கள். என் அறையிலும் அதே கதைதான், எல்லாம் அம்மா வழியாகத்தான்.

போன் வந்து அம்மா வெளியே போனார். திரும்பக் கூப்பிடலாமா என்று யோசித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலையை மேகம் மூடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் அப்பா சொன்னார், "மேக்க மழை எறங்குது."

பையனும் மலையைப் பார்த்தபடியே, "இங்க வர செத்த நேரமாகும்ப்பா," என்றான்.

அப்பாவின் கை தயங்கித் தயங்கிப் போய் அவன் முழங்கையைப் பிடித்தது. "எம்புட்டு எளச்சிட்டலே," என்றார். போன் பேசிவிட்டு வந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்: "மழை வருதுன்னு பேசிக்கிறதுக்கா நான் ஒரு வருசமா நடுவுல ஓடுனேன்?"

இத்தனையிலும் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்பீர்கள். பதினொரு வருஷமாக என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.