ஒற்றைப்படைப் பக்கங்கள்

நகலெடுக்க என் கதைத்தாளை நீட்டினால், மிஷின் கண்ணாடிமேல் கவிழ்ப்பதற்கு முன்னால் முதல் பத்தியைப் படித்துவிடுவார். "முரண் எங்க தம்பி? ரெண்டு பேரும் இப்படிக் கொஞ்சிக்கிட்டே இருந்தா கதை எப்படி நகரும்?" எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இவ்வளவு வறுத்தெடுத்ததில்லை.

தெருவுக்கே அவர் ஜெராக்ஸ் அக்கா. கதைக்கலையில் அவர் கற்றதெல்லாம் ஒரு தவறால் வந்தது. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் கொடுத்த குறிப்புகளை, பின்பக்கமும் எழுத்து இருப்பதைக் கவனிக்காமல், முன்பக்கம் மட்டும் கட்டுக் கட்டாக எடுத்துத் தள்ளிவிட்டார். வீணான தாள்களைக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டவர், கூட்டமில்லாத மதியங்களில் படிக்கத் தொடங்கினார். கதைக்கரு, பின்னணி, முரண், எதிர்ப்பாத்திரம், உச்சம் எல்லாம் ஒற்றைப்படைப் பக்கங்களில் இருந்தன. மற்றவை தெரியாது, அதற்காக அவர் கவலைப்பட்டதும் இல்லை.

மாமியாரைப் பற்றிப் புலம்ப வந்த தையல்காரம்மாவையே மடக்கினார். "எடுத்தவுடனே உச்சத்துக்குப் போயிட்டியே! மொதல்ல பின்னணியச் சொல்லு."

அவர் கதையில் எதிர்ப்பாத்திரம் சொந்தத் தம்பி. "அப்பா படுக்கையில கெடக்குறாரு, இவன் பாட்டுக்கு ஒரு மிஷினைத் தூக்கிட்டு எதிர்ல போய்க் கடை போட்டுட்டான். இதுக்கு மேல என்ன முரண் வேணும்?" அந்தக் கடை கண்ணில் படக்கூடாதென்று வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலி போட்டிருப்பார். நாம்தான் இருமிக் கூப்பிட வேண்டும். முன்பு இங்கே தம்பி உட்கார்ந்துகொண்டிருந்த ஸ்டூலின்மேல் வீணான தாள்கட்டு ஏறி உட்கார்ந்திருக்கும்.

தம்பி கடையைக் காலி செய்துவிட்டு, தன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடப் போகிறார் என்று போன வாரம் தெரிந்தது. "போகட்டுமே, எனக்கென்ன" என்றார். அன்று என் தாள்களைத் தாறுமாறாக அடுக்கிக் கொடுத்தார்.

நேற்று நான் போனபோது, விரிவுரையாளர் அதே குறிப்புகளை மறுபடி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இம்முறை அக்கா இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒரு பின்பக்கத்தில் கை நின்றுவிட்டது. நோக்குநிலை என்று தலைப்பு. நடந்தது ஒன்றுதான், ஆனால் வேறொருவர் சொன்னால் அது வேறு கதை என்று கீழே எழுதியிருந்தது.

"அவன் சொன்னா எங்கேருந்து ஆரம்பிப்பான் தம்பி?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "'அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்காம அப்பா கடையத் தன் பேர்ல மாத்திக்கிட்டா'ன்னு ஆரம்பிப்பான்." இயந்திரத்தை நிறுத்தினார். "கேக்கலதான்."

எதிர்க்கடை வாசலில் சாமான்வண்டி நின்றது. தம்பி ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். அது பாதியில் சிக்கிக் கிறீச்சிட்டது.

அக்கா நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பினார். "டேய், அது கெடக்கட்டும். இங்க வா!"

தம்பி அப்படியே நின்று பார்த்தார். அக்கா ஸ்டூலின்மேல் இருந்த தாள்கட்டை இரு கையாலும் அள்ளிக் கீழே வைத்தார்.