அச்சின் மூக்கும் நான் போட்ட களமும்

நான் கொத்தனார். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். விருந்துக்குப் போன வீட்டில் மேஜை ஆடினால்கூடக் குனிந்து அதன் காலைப் பார்ப்பேன். இது ஒரு வியாதி என்பாள் என் தங்கை. அந்த வியாதிதான் என்னை அவளுடைய லோடு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வைத்தது.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊரில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் பெண் அவள் ஒருத்திதான். நாற்று, எரு, கல்யாணப் பாத்திரம் என்று எதையும் ஏற்றுவாள். ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் வயல்களுக்குப் போகும் மண் பாதையில், மழைக்காலத்தில் வண்டியின் வயிறு தட்டும். அதனால் பின்பக்க வில் பட்டைகளைத் தாங்கும் இணைப்புகளை நீளமாக மாற்றி, வண்டியைத் தூக்கிவிட்டாள். உயரம் கிடைத்தது. கூடவே ஓர் உதறலும் வந்து சேர்ந்தது. வேகம் நாற்பதைத் தொட்டதும் உள்கண்ணாடியில் அவள் முகம் இரண்டாகத் தெரியும். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டில் ‘கிராஸ்’ என்று ஓர் இணைப்பு உண்டு. அது இரண்டு மாதத்தில் இரண்டு முறை உடைந்தது.

“இன்னொரு வாட்டி ஒடைஞ்சா வண்டிய வித்துடுவேண்ணா. ஷூ கம்பெனில திரும்ப வரச் சொல்லிக்கீறாங்க. திங்கக்கெழம ஃபாரம் குடுக்கணும்” என்றாள். அந்த விண்ணப்பம் ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் கிடந்தது. அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்து, கால் வீங்கி வெளியே வந்தவள் அவள். மறுபடியும் அங்கேயா!

மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, “பின் அச்சோட மூக்கு தூக்கிக்கினு கீது” என்றார். தண்டு வந்து சேருமிடத்தில் அச்சு முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் மூக்கு என்கிறார்கள். கியர் பெட்டியின் வால் எவ்வளவு கீழே சாய்கிறதோ, அந்த மூக்கும் அவ்வளவேதான் மேலே பார்க்க வேண்டுமாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமுறை முந்தும், இரண்டுமுறை பிந்தும். உதறல் அதுதான்.

“சமமான எடத்துல நிறுத்தி ரெண்டு கோணத்தையும் அளந்துக்கினு வா. எத்தினி டிகிரி வித்தியாசமோ, அத்தினி சரிவா ரெண்டு ஆப்புத் தகடு லேத்துல போட்டுக்கினு வந்துடு. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல வெச்சி இறுக்கிடலாம்.”

அளப்பது என் தொழில். சமமான இடத்துக்கும் பஞ்சமில்லை. தெருக்கோடியில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் நான் போட்டது. வியாழக்கிழமை காலை வண்டியை அங்கே நிறுத்தினோம். கோணம் காட்டும் செயலியைப் போனில் இறக்கி, அதை நம்பலாமா என்று நேராகவும் திருப்பியும் வைத்துப் பார்த்தேன். போன் பொய் சொல்லவில்லை. கியர் பெட்டியின் வால் ஐந்தரை டிகிரி.

மூக்குக்குப் போவதற்குள் ஒரு குடும்பம் ஈர நெல்லோடு வந்துவிட்டது. ஈர நெல் வந்தால் களத்தில் எது நின்றாலும் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம், யாரும் பேச்சு வளர்க்க மாட்டார்கள். தங்கை வண்டியைச் சுற்றி எடுத்து, களத்தின் மறுபாதியில், வந்த திசையைப் பார்க்க நிறுத்தினாள். நான் மறுபடி அடியில் போனேன். மூக்கு ஆறரை. வித்தியாசம் ஒரே ஒரு டிகிரி.

வெள்ளிக்கிழமை ஒரு டிகிரித் தகடு ஏறியது. நாற்பதில் முகம் அப்போதும் இரண்டாகத்தான் தெரிந்தது. தங்கை வண்டியை ஓரம் கட்டி, விண்ணப்பத்தை எடுத்துப் பேர் எழுதும் இடத்தில் பேரை எழுதினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை, வண்டியை வாங்க ஒருவர் பார்க்க வருகிறார் என்று, காலியாக இருந்த களத்தில் வண்டியைக் கழுவினாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு, எங்கே தப்பு என்று அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். சோப்புத் தண்ணீர் பின் சக்கரத்திலிருந்து புறப்பட்டு, முன் சக்கரத்தைத் தாண்டி, வாய்க்காலைப் பார்த்து விறுவிறுவென்று ஓடியது.

ஓடாமல் என்ன செய்யும்? பழைய களத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நெல் முளைத்ததால், பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் கொடுத்துப் போட்டவனே நான்தான். ஒரு சொட்டு நிற்காது என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை வாலை அளந்தபோது வண்டி மேட்டைப் பார்த்து நின்றது. மூக்கை அளந்தபோது பள்ளத்தைப் பார்த்து நின்றது. வாலில் ஒன்றரை டிகிரி கூடி, மூக்கில் ஒன்றரை டிகிரி குறைந்து, மூன்று டிகிரியை என் களம் விழுங்கிவிட்டது. போனைத் திருப்பித் திருப்பிச் சோதித்த நான் தரையைச் சோதிக்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் ஆர்வம் விடவில்லை. ஈரத்திலேயே அடியில் நுழைந்து, வண்டியை நகர்த்தாமல் இரண்டையும் அளந்தேன். மூன்று டிகிரி வித்தியாசம். வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தேன். அதே மூன்று. தரை சமமாக இருக்கவே தேவையில்லை, ஒரே நிற்பில் இரண்டையும் அளந்தால் போதும்! வெளியே வந்து தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ உன் களந்தான் என்னை கம்பெனிக்கு அனுப்பப் பாத்துச்சா?” என்றாள். வாங்க வருகிறவரிடம் திங்கட்கிழமை வரச் சொல்லி போன் போட்டாள்.

அன்று மாலையே பழைய தகட்டுக்குப் பதிலாக, அதன் ஒரு டிகிரியோடு இந்த மூன்றையும் சேர்த்து நாலு டிகிரியில் புதுத் தகடு அடித்து வாங்கினேன். ஞாயிறு காலை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். மானாம்பதி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முப்பது. நாற்பது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதிலும் அவளுக்கு ஒரே முகம். அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். பேர் எழுதிய விண்ணப்பத்தை எடுத்து இரண்டாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

“மூஞ்செல்லாம் கிரீஸா கீதுண்ணா. தொடச்சிக்க.”