கொளஞ்சியப்பன் வீட்டில் அத்தாவின் நோன்பு

அத்தா இறந்தபின் வந்த முதல் ரமலானில், பத்தாவது நோன்பன்று, ஹிதாயத் சென்னையிலிருந்து நெய்வேலிக்கு வந்தான். ஒரே ஒரு வேலை. அத்தா விட்டுப்போன நோன்புகளுக்கு ஃபித்யா கொடுக்க வேண்டும். விட்ட நோன்பு ஒன்றுக்கு ஏழை ஒருவருக்குச் சாப்பாடு.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் முப்பது என்று சொன்னான்.

"முப்பதுமா விட்டாரு? யார் சொன்னது?"

"நான்தான் போன வருஷம் வைக்கவே கூடாதுன்னுட்டேன் ஹஜ்ரத். சர்க்கரை ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. சரிப்பா, வைக்கலன்னாரு. தினம் ராத்திரி போன் போட்டுக் கேட்பேன்."

ஹஜ்ரத் கொஞ்சம் தயங்கினார். "எதுக்கும் கொளஞ்சியப்பனை ஒரு வார்த்தை கேட்டுடுங்க. போன வருஷம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சா தூக்குவாளியோட வந்து நிப்பாரு. பாய்க்குக் கஞ்சின்னு வாங்கிட்டுப் போவாரு. கூடுதலா கொடுக்கறதுல தப்பில்ல. ஆனா வச்ச நோன்ப வைக்கலன்னு ஆக்கிடக் கூடாது பாருங்க."

மறுபடியும் கொளஞ்சியப்பன்.

அத்தா ஜைனுலாபுதீன், சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். அதிகம் பேசாதவர். இருபத்தேழு வருஷம் ஒரே கேபினில் அவரோடு இருந்தவர் கொளஞ்சியப்பன். கம்மாபுரம் பக்கத்துக்காரர், சுரங்கத்துக்கு நிலம் போய் வேலைக்கு வந்தவர். ரமலான் முழுக்க அத்தா இரண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்குவார். பகல் இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு பத்தரைக்குத்தான் வருவார். குவார்ட்டர்ஸில் ஹிதாயத்தும் அம்மாவும் நோன்பு திறப்பார்கள். அத்தா அங்கே, பெல்ட் இரைச்சலில், கொளஞ்சியப்பனோடு.

பெருநாளிலும் அப்படித்தான். தொழுகை முடிந்ததும் முதல் தூக்கு பிரியாணி கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போகும். புதுச்சட்டையோடு ஹிதாயத் வாசலில் நிற்பான். அத்தா திரும்பி வருவதற்குள் சட்டை கசங்கியிருக்கும்.

அம்மா இறந்து, அத்தா ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது ஹிதாயத் சென்னைக்குக் கூப்பிட்டான். பதினோரு நாள் இருந்தார். பிறகு மந்தாரக்குப்பத்தில், கொளஞ்சியப்பன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டார். அங்கேதான் மாரடைப்பு வந்தது. ஹிதாயத் வந்து சேர்ந்தபோது கொளஞ்சியப்பன் ஏற்கெனவே அழுது முடித்திருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவனுக்கென்று ஒன்று இருந்தது. கடைசி ரமலானில் அத்தா அவன் பேச்சைக் கேட்டார். நோன்பையே விட்டார். அதைப் போய் கொளஞ்சியப்பனிடம் கேட்க வேண்டுமாம்.

போனபோது மாலை ஐந்தே முக்கால். கொளஞ்சியப்பன் லுங்கியை இறக்கிவிட்டு எழுந்தார். அவர் மனைவி விஜயகுமாரி நாற்காலி போட்டார்.

"வாங்க தம்பி. நோன்பா? அப்ப இருந்து தொறந்துட்டுதான் போவணும்."

ஹிதாயத் நேராகக் கேட்டான். "போன வருஷம் அத்தா எத்தனை நோன்பு விட்டாரு?"

"ஒம்போது."

யோசிக்கக்கூட இல்லை.

"எங்கிட்ட ஒண்ணுகூட வைக்கலன்னு சொன்னாரே."

"சொன்னாரு. இங்கதான் குந்திகினு சொன்னாரு. 'சாப்ட்டேம்பா, சாம்பாரு'ம்பாரு. என்னைப் பாத்து கண்ணடிப்பாரு."

"நோன்பு வச்சிகினு பொய் சொல்றீங்களேன்னு நான்கூட கேட்டேன்," என்றார் விஜயகுமாரி. "அதாம்மா, தொறந்தப்புறம் சொல்றேன்னாரு."

ஹிதாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "சர்க்கரை இறங்கி எதாவது ஆயிருந்தா? நீங்க எப்படி விட்டீங்க?"

கொளஞ்சியப்பன் உள்ளே போய் ஒரு மஞ்சள் பை கொண்டுவந்தார். ஹிதாயத் வாங்கி அனுப்பிய சர்க்கரை பார்க்கும் மெஷின்.

"நான் விடல தம்பி. மூணு மணி ஆனா அவரு வூட்டுக்குப் போயி இட்டாந்துடுவேன். என் கையாலதான் குத்துவேன். எழுவதுக்குக் கீழ வந்தா சோத்தப் போட்டுடு கொளஞ்சின்னு மொத நாளே ஒத்துகினாரு. ஒம்போது நாளு போட்டோம். கதவ சாத்து, ஜன்னல சாத்துன்னு ஒரே ரகளை. தெருவுல பாத்தவன் உள்ள சாராயம் ஓடுதுன்னுதான் நெனச்சிருப்பான்."

"ரசஞ்சோறுதான் துன்னாரு," என்றார் விஜயகுமாரி. "கறி ஆக்கவான்னா வேணாம்னாரு. நோன்பு போன நாளு விருந்தாம்மான்னுட்டாரு."

ஹிதாயத் கருவிகளை நம்புகிறவன். அவன் படிப்பும் அதுதான், வேலையும் அதுதான். மெஷினின் நினைவில் ஒவ்வொரு அளவாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். தேதி, நேரம், அளவு. நூற்றுப் பத்து. தொண்ணூற்று நான்கு. அறுபத்தெட்டு. ஐம்பத்தொன்பது. முப்பது நாளும் இருந்தது. எழுபதுக்குக் கீழே ஒன்பது. இரண்டாம் முறை எண்ணினான். ஒன்பதுதான்.

கொளஞ்சியப்பன் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

விஜயகுமாரி தட்டு வைத்தார். பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசல் கஞ்சி. இந்த வருஷமும் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். யாருக்கென்று ஹிதாயத் கேட்கவில்லை.

அவன் போனில் தொழுகை நேரச் செயலி ஒலித்தது. ஆறு பத்தொன்பது, நோன்பு திறக்கும் நேரம். பழத்தை எடுத்தான்.

"இருங்க தம்பி," என்று கொளஞ்சியப்பன் கையை நீட்டித் தடுத்தார். "உங்க போனு எந்த ஊரு நேரம் சொல்லுது?"

பார்த்தான். சென்னை. மாற்ற மறந்திருந்தான்.

"மெட்ராசு நேரத்துக்கு மூணு நிமிசம் கூட்டிக்கணும். நம்ம ஊரு மேற்கால இருக்குதுல்ல. சூரியன் இங்க இன்னும் எறங்கல."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"பாய்தான். கேபின்ல மெட்ராசு காலண்டர்தான் தொங்கும். பெல்ட்டு சத்தத்துல பள்ளிவாசல் பாங்கு எங்க கேக்குது? ஒரு நாளு வந்து, இனிமே மூணு நிமிசம் கூட்டு கொளஞ்சி, எம்மவன் கணக்கு போட்டுட்டான்னாரு. ஒம்போதாவது படிக்கிறப்ப போட்டீங்களாமே. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. தெனம் பழத்தக் கையில வச்சிகினு அந்த மூணு நிமிசம் உங்களப் பத்திதான் பேசுவாரு. கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சிடும்."

பூகோளப் பாடம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். குவார்ட்டர்ஸ் காலண்டரில் பென்சிலால் எழுதிக் காட்டியிருந்தான். அத்தா பார்த்துவிட்டு, சரி என்றார். அவ்வளவுதான். ஹிதாயத் அதை அன்றே மறந்துவிட்டான்.

அந்த மூன்று நிமிடத்தை அத்தாவோடு உட்கார்ந்து காத்தவர் எதிரே இருந்தார். கணக்குப் போட்டவன் ஒரு நாள்கூடக் கூட இருக்கவில்லை. நெஞ்சில் அந்தப் பழைய எரிச்சல் இன்னும் இருந்தது. ஆனால் இப்போது அது கொளஞ்சியப்பன் மேல் மட்டும் இல்லை.

"என்ன பேசுவாரு?" என்று கேட்டான்.

கொளஞ்சியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணர நிமிசம்தான் இருக்கு. பத்தாது. நாளைக்கும் வாங்க."

மறுநாள் காலை ஹஜ்ரத்திடம் ஒன்பது என்று சொல்லிவிட்டு, ஹிதாயத் ஆபீசுக்கு லீவு கேட்டு எழுதினான். இருபது நாள்.