தள்ளிப்போன ஊசியும் ஏற்கப்பட்ட துஆவும்

சகோதரிகளே, என் நோய் முதலில் என் செருப்பில்தான் தெரிந்தது. எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம். கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு திரும்புவேன். இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியாது. பெரும்பாலும் கறிக்கடை வாசலில்தான் கிடக்கும். "உங்க செருப்புக்கு என் கடைய விட்டுப் போக மனசில்ல போலம்மா" என்று கடைக்காரர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

பிறகு வலது கண் மங்கியது. ஒரு நாள் அஸர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். மாமிதான் ஓடிவந்து தூக்கினார். என் மாமியாரைத்தான் சொல்கிறேன். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. முப்பது வயதைத் தாண்டியதும் இந்தக் கதியா என்று தலையணை நனைய அழுதிருக்கிறேன்.

தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்த நரம்பு டாக்டர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னார். "உங்களைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தி, உங்க நரம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மா. கரண்ட் ஒயர் மேல இருக்கிற ரப்பரை எலி கடிச்ச மாதிரி" என்றார்.

எதிர்ப்பு சக்தியில் கோளாறாம் என்று தெரு முழுக்கப் பேச்சு. குறைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கருஞ்சீரக எண்ணெய், தேன், ஆட்டுக்கால் சூப் என்று கொண்டுவந்தார்கள். ஷார்ஜாவில் வேலை செய்த என் கணவர் பேரீச்சம்பழமும் சத்து டானிக்கும் கொடுத்தனுப்பினார். மாமி காலையில் ஒரு கஷாயம், மாலையில் ஒரு கஷாயம். அளவு மீறி ஆடுகிற சக்தியை டாக்டர் அடக்கப் பார்க்கிறார், ஊரே கூடி அதற்கு விருந்து வைக்கிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஸ்டீராய்டு ஏற்றினால் கால் தேறும். சில மாதத்தில் மறுபடி மரத்துப்போகும். கடைசியில் டாக்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஒரு மருந்தைச் சொன்னார். நரம்பை அடிக்கச் சொல்லித் தூண்டும் அணுக்களை மட்டும் அது குறைக்குமாம். மாமிக்குப் பகீர் என்றது.

"இருக்கிற தெம்பையும் கொறைக்கிற மருந்தா? அது எதுக்குங்க?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

இதற்காகவே மச்சான் லீவு போட்டு வந்தார். என் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மருந்து ஏற்ற நாளும் குறித்தாயிற்று. ஒவ்வொரு தொழுகையிலும் எனக்கு ஒரே துஆதான். ரப்பே, மச்சான் ஊரில் இருக்கும்போதே இந்த மருந்து ஏறிவிட வேண்டும், நான் மறுபடி நின்று தொழ வேண்டும்.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, மருந்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார். எப்போதோ வந்துபோன மஞ்சள்காமாலைக் கிருமியின் தடயம் ரத்தத்தில் இருந்ததாம். அதற்கு முதலில் மாத்திரை, கூடவே நிமோனியா தடுப்பூசி. அதெல்லாம் பிடித்த பிறகுதான் இது. மச்சான் லீவு முடிந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறினார். என் துஆ எட்டவே இல்லையோ என்று நொறுங்கிப்போனேன்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க மாமி என்னோடு வந்தார். அன்றைக்கே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"தூங்கிட்டிருக்கிற கிருமி முழிச்சிருக்கலாம். கல்லீரலே கெட்டுப்போயிருக்கலாம். அதனாலதான் இந்த டெஸ்டெல்லாம் பாக்காம யாருக்கும் இதைப் போடறதில்லம்மா" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமி ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. கும்பகோணம் தாண்டிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் எத்தனையோ கஷாயம் குடுத்தேன். உன் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் புள்ள? டாக்டரு பாத்திருக்காரு. நீ கேட்ட துஆவுக்கு அல்லாஹ் குடுத்த பதிலு, அன்னைக்கு அந்த ஊசிய நிறுத்துனதுதான்."

பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

மருந்து ஏற்றிய நாளில் மாமி தஸ்பீஹ் மணியோடு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கழுத்தில் லேசாக அரித்தது. நான் சொறிந்ததை மாமி பார்த்துவிட்டார். "சிஸ்டர், சொறியுறாங்க, வாங்க" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார். நர்ஸ் வந்து மருந்தை நிறுத்தினார். டாக்டர் பார்த்து ஒவ்வாமைக்கு ஓர் ஊசி போட்ட பிறகு, வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய சோதனை. எங்கள் தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் எல்லோரும் நலம் விசாரிக்க வருவார்கள். வராவிட்டால்தான் குறை. டாக்டரோ, சளி, காய்ச்சல் உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது, எனக்குக் காய்ச்சல் கண்டால் உடனே போன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். வந்தவரை வாசலோடு அனுப்பி மாமிக்குப் பழக்கமே இல்லை. ஆனாலும் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இருமல் இருக்கா? தும்மல்? இருந்தா இங்கேருந்தே துஆ செய்யுங்க. டீ இங்கேயே வரும்."

இருமிக்கொண்டு வந்த சொந்தத் தங்கையையே உள்ளே விடவில்லை. அந்த அம்மாள் தெருவில் நின்றபடியே கையேந்தி எனக்காகத் துஆ கேட்டார், டீயும் குடித்தார், கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இருமல் நின்ற மறுநாளே முதல் ஆளாக வந்துவிட்டார்.

அடுத்த லீவில் மச்சான் வந்தபோது வீட்டிலேயே மஃரிப் தொழுகை நடத்தினார். நானும் மாமியும் பின்னால் நின்றோம். ஆமாம், நின்றேன். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும் கண்ணீர் பாயில் விழுந்தது. யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். சலாம் கொடுத்து முடித்ததும் மாமி என் பக்கம் திரும்பி, "அந்த நாற்காலியத் தூக்கிப் பரண்ல போட்டுடலாமா?" என்று கேட்டார்.

நோய் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போகிறேன், பரிசோதனை செய்துதான் மருந்து ஏற்றிக்கொள்கிறேன். அன்றிலிருந்து புதிதாக ஒரு தாக்குதலும் வரவில்லை. சகோதரிகளே, கையேந்துவதை விட்டுவிடாதீர்கள். டாக்டர் எழுதித்தரும் டெஸ்டையும் விட்டுவிடாதீர்கள். கேட்டது கேட்ட நாளில் வரவில்லை என்றால் நம்பிக்கையோடு காத்திருங்கள். அந்தத் தாமதத்தில்தான் என் உயிர் இருந்தது.

போன வாரம் கறிக்கடைக்காரர், "என்னம்மா, உங்க செருப்பு நம்ம கடைய மறந்தே போச்சு?" என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இரண்டு காலிலும் செருப்போடு வீட்டுக்கு நடந்தேன்.