மகளுக்கு ஊதாத விசில்

ஜெர்மனியில், ஹனோவர்த் தமிழரிடம் தபோதரனைப் பற்றி விசாரித்தால், "நேர்மையான மனுசன்" என்றுதான் தொடங்குவார்கள். அந்த நேர்மை அவர் வீட்டாருக்கு வந்த வினை. கோயிலில் அன்னதானம் பரிமாறினால் சொந்த மகளின் தட்டைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியாகத்தான் வருவார். அதற்குள் பாயசம் முடிந்திருக்கும். தமிழ்ப் பள்ளியில் படிப்பித்த காலத்தில், வகுப்பில் யார் கத்தினாலும் முதல் ஏச்சு மகள் வேணுஜாவுக்கு. "நாளைக்கு ஒருத்தரும் ஒரு கதை கதைக்கக்கூடாது" என்பார். ஊர்வாய்க்குப் பயந்த பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டார், வேறென்ன!

வேணுஜாவுக்குப் பதினைந்து வயது. உதைபந்தென்றால் உயிர். தபோதரன் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு, கண் எரிய எரிய அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். மழையோ பனியோ, கோட்டோரத்தில் நிற்பார். அவள் கோல் போட்டால் மற்றவர்கள் கை தட்டி முடித்த பிறகுதான் இவர் மெல்லத் தட்டுவார். உள்ளுக்குள் பூரிப்பில் நெஞ்சு விம்மும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் வேணுஜாவின் அணிக்குக் கிண்ணம். சமநிலையில் முடிந்தால் எதிரணிக்கு. வர வேண்டிய நடுவர் வரவில்லை. இப்படி ஆகிவிட்டால், சொந்த மைதானக்காரரில் ஒருவர் விசிலை வாங்கிக்கொள்வது இங்கு வழக்கம். பயிற்சியாளர் சில்கே சுற்றிப் பார்த்தாள். வேணுஜா ஓடிவந்து தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களே ஊதுங்கோ. உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே."

மறுக்க மனம் வரவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டியதும் எதிரணிப் பிள்ளையின் தகப்பன் ஒருவர் சிரித்தபடி சத்தமாகச் சொன்னார்: "அப்பாவே நடுவர்! பிறகென்ன, கிண்ணத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்."

பகிடிதான். ஆனால் தபோதரனின் காது சிவந்துவிட்டது. அதன் பிறகு சந்தேகமான பந்தெல்லாம் எதிரணிக்கே போனது. சில்கே கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப்போகிற நேரம். வேணுஜா இரண்டு பேரை வெட்டிக்கொண்டு கோலுக்கு நேரே புகுந்தாள். பின்னால் வந்த பிள்ளை பந்தைத் தொடவே இல்லை, காலைத்தான் அடித்தாள். வேணுஜா முகங்குப்புற விழுந்தாள். அடித்த பிள்ளையே செய்த பிழை விளங்கித் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கண் உள்ள எவருக்கும் அது பெனால்டி.

விசில் வாயில் இருந்தது. அட பாவி மனிதா, ஊதினால் என்ன? எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கையை வீசி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். பிறகு மகளிடம் குனிந்தார்.

"எழும்பு பிள்ளை. நடிக்காதை."

அவளால் எழும்ப முடியவில்லை. கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. கிண்ணம் எதிரணிக்குப் போனது. பகிடி விட்ட அந்த மனிதரே வந்து கை கொடுத்தார். "உங்களைப் போல நியாயமானவரை நான் பார்த்ததில்லை" என்றார். தபோதரனுக்கு அது இனித்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் இனித்தது.

காரில் வேணுஜா அழவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது கேட்டாள்.

"வேற ஆரோ பெத்த பிள்ளை எண்டால் ஊதியிருப்பியள்தானே?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஓம்" என்றார்.

"அடிச்சது உங்களுக்குத் தெரிஞ்சது?"

"ஓம் பிள்ளை."

"தெரிஞ்சும் என்னை நடிக்காதை எண்டனீங்கள்."

அவள் நொண்டி நொண்டிப் படியேறினாள். பிடிக்கப்போன கையை விலக்கிவிட்டாள்.

கால் ஆறியதும் வேறு கழகத்தில் சேர்ந்தாள். தன்பாட்டில் பஸ்ஸில் போனாள். "இனி விளையாட்டுப் பார்க்க வராதேங்கோ அப்பா" என்றாள், ஒரு கோபமும் இல்லாமல். கோபித்திருந்தாலாவது காலைக் கையைப் பிடித்துச் சமாளித்திருப்பார்.

மனம் கேட்குமா? இலையுதிர்காலத்தில் ஒருநாள், அவளுக்குத் தெரியாமல் போய் வேலிக்கு வெளியே மரத்தோடு மரமாக நின்றார். வேணுஜா முன்பைவிட வேகமாக ஓடினாள். ஒருத்தி தட்டிவிட, விழுந்தாள். முன்பின் தெரியாத நடுவர் அந்தக் கணமே விசில் ஊதினார். தபோதரனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவி அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். "உங்கள் மகளா?" என்று கனிவாகக் கேட்டாள்.

வேணுஜா எழுந்து இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். தபோதரன் சட்டென்று மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இல்லை" என்றார்.