கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வீடு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதையும் நானாக விடவில்லை, வீட்டில் நிறுத்தினார்கள். கல்யாணமும் அப்படித்தான், ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனதும் அப்படித்தான். எது கோணலானாலும் பழியை யார் தலையிலாவது போட்டுவிடும் வசதி எனக்கு இருந்தது. கூடலூரில் சொந்தமாக வீடு கட்டி, வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்ற கேள்வி வந்தபோது அந்த வசதி போயிற்று.

"ஒன் இஷ்டம்" என்றார் என் வீட்டுக்காரர். நாளைக்கு "நீதான சொன்ன" என்பதற்கு இன்றைக்கே கொடுத்து வைக்கும் அச்சாரம் அது.

எனக்குப் பிடித்தது கத்தரிப்பூ நிறம். அதைச் சொல்லப் பயந்து ஊரைக் கேட்டேன். நம் ஊரில் நிறம் என்று தனியாக எதுவும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பச்சை ஒரு கட்சி, சிவப்பு ஒரு கட்சி, மஞ்சளோடு இன்னொன்று சேர்ந்தால் ஒரு சாதி. வெள்ளை அடித்தால் பால் சொசைட்டி.

பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனார் முடிவே சொல்லிவிட்டாள். "சந்தனக் கலர் அடிங்க மதினி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"எனக்குக் கத்தரிப்பூக் கலருதான்..."

"ஆத்தாடி! சுத்துப்பட்டுல அப்படி ஒரு வீடு இருக்கா?"

இல்லைதான். ஆனால் இதிலும் ஊர் சொன்னதையே அடித்தால், என் வாழ்க்கையில் நானாக முடிவு செய்தது என்று ஒரு சுவர்கூட இருக்காதே என்று தோன்றியது.

பெயிண்ட் கடை அட்டையில் கத்தரிப்பூ மாதிரியே பத்து நிறம். எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கத்தரிப்பூவைப் பறித்து, கைக்குட்டையில் பொதிந்துகொண்டு கிளம்பினேன். வீட்டைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் ஒருமுறை திரும்பினேன். கேஸை அடைத்தேனா என்று இன்னொரு முறை. வெயில் ஏறிய பிறகுதான் கடை வாசலை மிதித்தேன்.

கடைக்காரர் பூவை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "மெஷின்ல கலந்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம்க்கா" என்றார்.

"கலக்குங்க" என்றேன். வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

பெயிண்டர் தம்பி சுவரில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நின்றார். "கடைக்குப் பூவக் கொண்டு போனீகளாமே, ரொம்ப நேரம் கைக்குள்ளயே இருந்துச்சோக்கா? வாடுன பூவுக்குல்ல கலர் கலந்துருக்காக!"

பார்த்தேன். கருத்த, கன்றிப்போன கத்தரிப்பூ.

நாத்தனாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஒண்ணும் கெட்டுப்போகல மதினி. மேல சந்தனத்த அடிச்சா மறைஞ்சுரும்."

வீட்டுக்காரர் சுவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பெயிண்டர் பிரஷ்ஷை வாளி விளிம்பில் வைத்தார்.

"வாடுனாலும் கத்தரிப்பூதான். அடிங்க தம்பி" என்றேன்.

நாலு சுவரும் அடித்து முடித்தார்கள். இப்போது வருத்தம் வரும், சாயங்காலம் வரும் என்று காத்திருந்தேன். பாலில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு வாரம் வருந்துகிறவள் நான். வரவில்லை. மறுநாளும் வராமல்போகவே, உடம்புக்குத்தான் ஏதோ என்று பயந்து டாக்டரிடம் போய் பிரஷர் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.